நிறுத்தினால் கிளம்பாத படகு

எனக்கு வயது எழுபத்தெட்டு. ரேஷன் கார்டில் எழுபத்திரண்டு என்று இருக்கிறது. அது எழுதியவரின் அபிப்பிராயம். பெற்றது ஏழு, வளர்த்தது ஒன்பது. அக்கா கண்ணை மூடியதும் அவளுடைய இரண்டும் என் அடுப்படிக்கு வந்து உட்கார்ந்துகொண்டன. ஒன்பதையும் ஆளாக்கி, ஒன்பதுக்கும் கல்யாணம் செய்து வைத்தாயிற்று. எட்டுக் கல்யாணம் தரையிலேயே நடந்தது. கடைசிப் பெண் அமலியின் கல்யாணம் மட்டும் நடுத் தண்ணீரில் நின்றுபோனது.

போன வாரம் இதே பக்கத்தில் நான் சொன்ன கிணறு வெட்டிய கதையைப் படித்துவிட்டு, இந்த அம்மாவுக்குத் தண்ணீரில் ஏதும் கண்டமா என்று ஒருவர் கேட்டிருந்தாராம். கண்டமெல்லாம் இல்லை. தண்ணீர் ஓரத்தில் குடியிருக்கிறவளுக்கு வேறு எதைப் பற்றிச் சொல்ல வரும்?

எண்பதுகளின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாசி மாதத்துக் காலை. படகின் நடுவில் ஓர் இரும்பு மடக்கு நாற்காலி. அதில் அமலி, வெள்ளைப் பட்டும் தலையில் வலைத் துணியுமாக. அவள் காலடியில் ஒரு கூடை கத்தரிக்காய். அது சீர் அல்ல, காய்க்கார நல்லம்மாவின் வியாபாரம். பக்கத்தில் கட்டியிருந்த யாருடைய வெள்ளாடோ, மணப்பெண்ணின் வலைத் துணி தின்னக்கூடியதுதானா என்று நுனியை மென்று பார்த்துக்கொண்டிருந்தது. டீசல் புகையும் மல்லிகையும் சேர்ந்தால் ஒரு வாசனை வரும். எனக்குக் கல்யாண வாசனை என்றால் அதுதான்.

டிரைவர் பச்சியப்பன் இன்ஜினுக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார், பிள்ளையை அடிக்க வந்தவர்களைத் தடுப்பதுபோல.

"நிறுத்தினா கிளம்பாதுங்க, ஆத்தா. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். தெரிந்துதான் அதற்கடுத்த வார்த்தையைச் சொன்னேன். என்ன சொன்னேன் என்பதற்கு முன்னால், எங்கள் துறையைப் பற்றிச் சொல்லாவிட்டால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது.

நடக்கிற கரை

ஏரியூரிலிருந்து மேற்கே இறங்கினால் எங்கள் துறை. அக்கரை சேலம் ஜில்லா. இது ஆறா, ஏரியா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். மேட்டூர் அணை நிரம்பினால் காவிரி எங்கள் சோளக்காட்டு வரப்பு வரை வந்து படுத்துக்கொள்ளும். மாசி, பங்குனியில் எழுந்து போய்விடும், கரையையும் கூட்டிக்கொண்டு. மற்ற ஊர்களில் ஆற்றைத் தேடிப் போவார்கள். நாங்கள் கரையைத் தேடிப் போவோம்.

ஒரு வருடம் அரசாங்கம் சிமெண்டில் படித்துறை கட்டிக் கொடுத்தது. நல்ல படிகள்தான். ஐப்பசியில் தண்ணீர் நின்ற இடத்தில் அளவெடுத்தார்கள். ஆகவே வருடத்தில் சில வாரம் தண்ணீர் வந்து அந்தப் படிகளைப் பார்த்துவிட்டுப் போகும். மற்ற நாளெல்லாம் ஆடுகள் ஏறி உட்கார்ந்திருக்கும், ஒரு படிக்கு ஓர் ஆடாக, வகுப்பறை மாதிரி.

எங்கள் பழைய ஊர் அந்தத் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. அணை கட்டியபோது நான் பாவாடை கட்டிய பிள்ளை. நிலத்தை அளந்தார்கள், வீட்டை அளந்தார்கள், புளியமரத்தைக்கூட எண்ணிக்கொண்டு போனார்கள். கல்லறைத் தோட்டத்தை மட்டும் யாரும் அளக்கவில்லை. அங்கே என் அம்மா இருந்தாள். முந்தின வருடம்தான் காய்ச்சலில் போனாள். சிலர் எலும்பை எடுத்துக்கொண்டு மேட்டுக்கு வந்தார்கள். என் அப்பா எடுக்கவில்லை. மூன்று பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தவள் இப்போதுதான் படுத்திருக்கிறாள், எழுப்ப வேண்டாம் என்றார்.

அதனால் எங்கள் வேதக்காரக் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. இக்கரையிலிருந்து அக்கரைக்கு வாழ்க்கைப்பட்டுப் போகிற பெண், கல்லறைத் தோட்டத்துக்கு மேலே படகை நிறுத்தச் சொல்லி, ஒரு பரலோக மந்திரம் சொல்லி, தலையிலிருந்து ஒரு பூவைத் தண்ணீரில் விட்டு, அங்கே இருப்பவர்களிடம் சொல்லிக்கொண்டுதான் போகவேண்டும். இடம் எல்லோருக்கும் தெரியும். நம் பக்கம் மொட்டைப் பாறை நேராக வரும்போது, எதிரே அக்கரை மாதா கோயிலின் சிலுவை புளியமரத்தை விட்டு விலகும். அதுதான் இடம்.

பரிசல் ஓடிய காலத்தில் இதில் ஒரு சிரமமும் இல்லை. துடுப்பை மடியில் வைத்தால் பரிசல் நின்றுவிடும்.

நிற்காத இன்ஜின்

பிறகு முன்னேற்றம் வந்தது. அது எங்கோ வேறொரு துறையில் ஓடிக் களைத்துப்போன படகு. எங்களுக்குப் புதிது என்று சொல்லி, மாலை போட்டு இறக்கினார்கள். அது வந்த கையோடு, இனிப் பரிசலில் ஆள் ஏற்றினால் அபராதம் என்றும் சொல்லிவிட்டார்கள். ஊரில் இருந்த பரிசல்களெல்லாம் வீட்டுக்குப் பின்னால் கவிழ்ந்து கிடந்தன. கோழி அடைக்க மிகவும் தோதாக இருந்தன.

படகுக்கு அடிப்பலகையில் ஒட்டு. ஒட்டுக்கு மேல் தகரம். தகரத்துக்கு மேல் தார். ஏறுகிறவர்கள் கையில் ஒரு தகர டப்பாவைக் கொடுத்துவிடுவார்கள், உள்ளே வரும் தண்ணீரை இறைக்க. உயிர்காப்புச் சட்டைகள் ஒரு பெட்டியில் பூட்டி இருந்தன. காணாமல் போய்விடக் கூடாது என்று சாவியை ஆபீசில் பத்திரமாக வைத்திருந்தார்கள்.

இன்ஜின் சங்கதி தனி. விடிகாலையில் நாலு பேர் மாறி மாறிக் கைப்பிடியைச் சுற்றினால், அது இருமி, எச்சில் துப்பி, ஒரு வழியாகக் கிளம்பும். கிளம்பிவிட்டால் சாயங்காலம் வரை ஓடும். ஆனால் சூட்டோடு நிறுத்திவிட்டால் தீர்ந்தது. அது ஆறிக் குளிர்ந்து அதற்கே மனசு வந்தால்தான் மறுபடி. பாதி நாள் போய்விடும். அதனால் பச்சியப்பன் அதை நிறுத்துவதே இல்லை. இக்கரையில் ஆள் ஏறும்போதும் ஓடும், அக்கரையில் அவர் டீ குடிக்கும்போதும் ஓடும். பச்சியப்பன் இண்டூர்க்காரர், ஆயில் இன்ஜினோடு பழகியவர். அதை 'அவன்' என்றுதான் சொல்வார். "அவன் இன்னிக்குக் கொஞ்சம் கோவமா இருக்கான்" என்றால், நாங்கள் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு தகர டப்பாவைத் தேடுவோம்.

கர்நாடகப் பக்கத்திலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வந்தார்கள். அவர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "ஆகல்லா" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அந்த ஒரு வார்த்தைக்கு எங்கள் ஊரில் யாருக்கும் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

டீசல் அதிகம் ஆகிறதே என்று ஓர் அதிகாரி விசாரிக்க வந்தார். கண்ணாடி போட்ட, மரியாதையான மனிதர். அக்கரை போய்ச் சேர்ந்ததும், ஆள் ஏறும்வரை இன்ஜின் எதற்கு வீணாக ஓடுகிறது, நிறுத்து என்றார். பச்சியப்பன் இரண்டு தரம் எடுத்துச் சொன்னார். மூன்றாம் தரம் நிறுத்தினார். அதிகாரி மூன்று பஸ் மாறி, மேட்டூரைச் சுற்றிக்கொண்டு ஊர் திரும்பினார்.

அதோடு உத்தரவை ரத்து செய்வார் என்று நினைத்தோம். ஆனால் உத்தரவு அவருக்கு முன்பே கிளம்பிவிட்டிருந்தது. அடுத்த வாரம் ஒரு பலகை வந்தது. தேக்கு. ஆள் மார்பு அகலம். 'கரையில் இன்ஜினை நிறுத்தி வைக்கவும்' என்று வெள்ளையில் எழுதியிருந்தது. பச்சியப்பன் அதைப் படகின் முகப்பில் திருகாணி போட்டு மாட்டினார். எங்கள் படகிலேயே ஓட்டையில்லாத பலகை அது ஒன்றுதான். அதற்குக் கீழே இன்ஜின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

இதையெல்லாம் இப்போது சிரித்துச் சொல்கிறேன். எல்லாம் சிரிப்பாகவே முடியவில்லை. எங்கள் தெருக்காரர் ஒருவரைச் சோளத்தட்டில் பாம்பு தீண்டியது. ஆஸ்பத்திரி அக்கரையில். படகு அன்றைக்குத் தார் பூச்சுக்காக மேலே ஏற்றிக் கிடந்தது. கவிழ்ந்த பரிசலுக்குள்ளிருந்த கோழிகளை விரட்டி, அதைப் புரட்டித் தண்ணீருக்கு உருட்டிக்கொண்டு போவதற்குள் அவர் கரையிலேயே அடங்கிவிட்டார். அபராதம் யாருக்கும் போடவில்லை. பரிசல் தண்ணீரில் போகவேயில்லையே.

வலம் வரக்கூடாது

இன்ஜின் படகு வந்த பிறகு மணப்பெண்களுக்கு என்ன செய்வது என்று ஒரு கேள்வி வந்தது. நிறுத்த முடியாது. நிறுத்தாமல் போனால் கீழே இருப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? பச்சியப்பன் இந்து. ஆனால் வழி கண்டுபிடித்தது அவர்தான். வேகத்தைக் குறைத்து, அந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். பெண் மந்திரத்தைச் சொல்லிப் பூவை விட்டாள். எல்லோருக்கும் திருப்தி. சில பெண்களுக்காக மூன்று சுற்றுக்கூடச் சுற்றியிருக்கிறார்.

இது அக்கரை மாதா கோயில் சாமியார் காதுக்குப் போனது. யார் கொண்டுபோனார்கள் என்று பிறகு சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பூசையில் பிரசங்கம் வைத்துவிட்டார். கல்லறையை வலம் வருவது நம்முடைய வழக்கம் அல்ல. செபிப்பதென்றால் நின்று செபியுங்கள், இல்லையேல் போய்க்கொண்டே இருங்கள் என்றார்.

ஆக, ஆபீசும் நிறுத்து என்றது, கோயிலும் நிறுத்து என்றது. எனக்குத் தெரிந்து இரண்டும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான். இன்ஜின் ஒன்றுதான் ஒத்துக்கொள்ளவில்லை.

சாம்பல் புதனுக்கு முந்தின நாள்

மாப்பிள்ளை சூசை அக்கரைப் பையன். கிணற்று மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுகிறவன். எங்கள் பக்கம் வேலைக்கு வந்தபோது அமலியைப் பார்த்து, கெடாத மோட்டாரையெல்லாம் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று வர ஆரம்பித்தான். பிறகு முறையாகப் பெண் கேட்டான்.

அவனுடைய அம்மா மதலேனம்மாளுக்குப் பெண்ணைப் பிடித்திருந்தது. படகைப் பிடிக்கவில்லை. பாக்கு மாற்ற வந்த அன்றே என் எதிரில் சொன்னாள்: "பொண்ணைக் கொறை சொல்ல மாட்டேன். நாளைக்கு ஒரு பிரசவம், ஒரு சாவுன்னா ஆத்தா வூட்டுக்கு அனுப்ப நான் போட்டைத்தான கேக்கணும்?" அது தப்பான பேச்சு என்று என்னால் சொல்ல முடியவில்லை. பாம்பு கடித்தவரை அவளும் அறிவாள்.

அவளுக்குக் கூடப்பிறந்த அண்ணன் ஒருவர், இஞ்ஞாசி. சூசைக்குத் தாய்மாமன். அவருக்குப் பெண் இருந்தது. முறைப்பெண், அதே கரை. தண்ணீர் தாண்டவே வேண்டாம். இதை அவர் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. எங்கள் படகைப் பற்றிய செய்தியைத்தான் தங்கையிடமும் சாமியாரிடமும் அக்கறையோடு சொல்லிக்கொண்டிருந்தார்.

கல்யாணம் தை மாதம் என்று முடிவாகிக் கோயிலில் ஓலை வாசித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். யாரும் எழுந்து படகு என்று சொல்லவில்லை. ஆனால் படகுதான் தடை செய்தது. சுக்கான் உடைந்து, கல்யாணத்துக்கு முந்தின நாள் மேலே ஏற்றிவிட்டார்கள். சுற்றிப் போக வண்டி பேசுவதற்குள், இப்படி அவசரப்பட்டு வேண்டாம் என்று அக்கரையிலிருந்து பஸ்ஸிலேயே சுற்றிக்கொண்டு ஆள் வந்துவிட்டது.

தள்ளித் தள்ளி, சாம்பல் புதனுக்கு முந்தின செவ்வாய்க்கு வந்து நின்றது. புதன் பிறந்தால் தவக்காலம். ஈஸ்டர் வரை கல்யாணம் கிடையாது. மதலேனம்மாள் சொல்லி அனுப்பினாள்: செவ்வாய்க்கிழமை மத்தியானப் பூசைக்குள் பெண் கோயிலில் இருக்கவேண்டும். இல்லையென்றால் ஈஸ்டருக்கு அப்புறம் யார் மனசு எப்படி இருக்குமோ, அதை இப்போது சொல்வதற்கில்லை.

ஈஸ்டருக்கு அப்புறம் யார் மனசு எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். அமலிக்கும் தெரியும். அவள் சோறு சரியாகச் சாப்பிடாமல் கிடந்தாள்.

எங்கள் வீட்டுக்காரர், திங்கட்கிழமையே பஸ்ஸில் சுற்றிக்கொண்டு போய்விடலாம் என்றார். புத்திசாலித்தனமான பேச்சு. நான் ஒத்துக்கொள்ளவில்லை. என் பெண் திருட்டுத்தனமாகக் கொல்லைப்புறம் சுற்றிப் போகிறவள் அல்ல. அவள் ஆயாவிடம், என் அம்மாவிடம், சொல்லிக்கொண்டு, முன்வாசல் வழியாகத்தான் போவாள். எங்களுக்கு முன்வாசல் அந்தத் தண்ணீர்தான்.

இஞ்ஞாசியின் பக்தி

பெண்ணை அழைத்துப்போக மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒருவர் வரவேண்டும் அல்லவா? செவ்வாய்க்கிழமை முதல் நடையில் இஞ்ஞாசி வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, தோளில் சரிகைத் துண்டு, கையில் செபமாலை. முகத்தில் அப்படி ஒரு அன்பு.

சொந்தப் படகு என்று எங்களுக்கு ஏது? ஊர்ப் படகுதான். ஆகவே பால்காரர், ஆட்டுக்காரர், சந்தைக்குப் போகிற பெண்கள் எல்லோரோடும் நாங்களும் ஏறினோம். பித்தளைத் தாம்பாளங்களில் தேங்காய், பழம், சேலை, மஞ்சள். அண்டா, குடம், கட்டில். பச்சியப்பன் இன்ஜினுக்குக்கூட ஒரு முழம் பூ சுற்றியிருந்தார்.

பாதித் தூரம் வந்தோம். மொட்டைப் பாறை நேராக வந்தது. சிலுவை புளியமரத்தை விட்டு விலகியது. பச்சியப்பன் வேகத்தைக் குறைத்துச் சுக்கானை மெதுவாகத் திருப்பினார், சுற்றுவதற்கு.

"சுத்தக்கூடாதுன்னு சாமியார் சொல்லியிருக்காருங்க" என்றார் இஞ்ஞாசி. என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டுப் பணிவாகச் சொன்னார். "நின்னு செபிக்கணும். இல்லன்னா அப்படியே போயிடலாம். தங்கச்சிக்கு எது தோதோ."

அவர் என்ன செய்கிறார் என்று படகில் இருந்த ஆட்டுக்குக்கூடப் புரிந்தது. நிறுத்தினால் இன்ஜின் செத்துப்போகும்; மத்தியானப் பூசை தவறும்; கல்யாணம் ஈஸ்டருக்குப் போகும். நிறுத்தாமல் போனால், ஆயா கல்லறையைக் கும்பிடாமல் தாண்டி வந்தவள் என்று அக்கரை முழுவதும் பேச்சு. சுற்றினால் சாமியார் சொல் மீறியவள். எந்தப் பக்கம் காய் நகர்த்தினாலும் ஆட்டம் அவருடையது.

அப்போதுதான் பச்சியப்பன் கையை விரித்துக்கொண்டு நின்றது. நிறுத்தினால் கிளம்பாது என்று சொன்னது.

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அமலி என்னைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்த்தாள். நான் அந்தப் பலகையைப் பார்த்தேன். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் அந்தப் பலகையில் என்ன இருக்கிறது என்று எங்கள் ஊர்க் குருடனுக்கும் தெரியும்.

"நிறுத்துப்பா, பச்சியப்பா" என்றேன்.

"ஆத்தா..."

"எங்கம்மா மேல நிக்குறோம். நிறுத்து."

அன்றைக்கு நிறுத்தச் சொன்னது சரியா என்று என் பிள்ளைகள் இன்றும் கேட்பார்கள். என் கையில் மறுபடி கொடுத்தாலும் அதையே சொல்வேன்.

பச்சியப்பன் எதையோ இழுத்தார். இன்ஜின் இரண்டு முறை விக்கியது. நின்றது.

அத்தனை வருடத்தில் அந்த இடத்தில் எனக்குக் கேட்டதெல்லாம் இன்ஜின்தான். அது நின்ற பிறகு தண்ணீர் கேட்டது. படகின் பலகையில் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தது, உள்ளே யாரோ இருக்கிறார்களா என்று கேட்பதுபோல. ஆடுகூடக் கத்தவில்லை. நான் பரலோக மந்திரத்தைத் தொடங்கினேன். மிச்சத்தை அமலி முடித்தாள். தலையிலிருந்து ஒரு பூவை எடுத்து விட்டாள். அது கொஞ்ச நேரம் எங்களோடேயே இருந்தது.

தாம்பாளமும் தேக்குப் பலகையும்

பிறகு பச்சியப்பன் கைப்பிடியைச் சுற்றினார். ஆண்கள் மாறி மாறிச் சுற்றினார்கள். இன்ஜின் பூவைச் சூட்டிக்கொண்டு சும்மா இருந்தது.

இஞ்ஞாசி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எல்லாம் ஆண்டவர் சித்தம், ஈஸ்டர் ஒன்றும் தூரமில்லை என்று என் வீட்டுக்காரருக்கு ஆறுதல் சொன்னார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே காற்று எழுந்தது. படகு தானாகத் திரும்பி அணைப் பக்கம் நகர ஆரம்பித்தது.

அவர் கணக்கில் காற்று இல்லை. நீச்சல் தெரியாதவர் என்பதும் அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

"ஏம்பா, அணை மதகு வரைக்கும் போயிடுமா?" என்று பச்சியப்பனைக் கேட்டார்.

"மதகு வரைக்கும் போவாதுங்க" என்றார் பச்சியப்பன். "அதுக்கு முன்னாடி பாறை இருக்குது."

இஞ்ஞாசி செபமாலையை எடுத்தார். உயிர்காப்புச் சட்டை இருக்கிறதா என்றார். பெட்டியைக் காட்டினோம். பூட்டையும் காட்டினோம்.

அப்போது அமலி எழுந்தாள். நாற்காலியை மடக்கி வைத்தாள். முன்னாலிருந்த தாம்பாளத்திலிருந்து தேங்காயையும் பழத்தையும் படகுக்குள் கொட்டினாள். பட்டுச் சேலையை முழங்கால் வரை ஏற்றிச் சொருகிக்கொண்டு, படகின் ஓரத்தில் மண்டியிட்டுத் தாம்பாளத்தைத் தண்ணீரில் விட்டாள்.

"கும்பிட்டாச்சில்ல, அம்மா. தள்ளுங்க."

நல்லம்மா தன் கத்தரிக்காய்க் கூடையை ஓரம் தள்ளிவிட்டு அடுத்த தாம்பாளத்தை எடுத்தாள். சீர்த் தட்டெல்லாம் துடுப்பாயிற்று. தட்டு கிடைக்காதவர்கள் அண்டா மூடியை எடுத்தார்கள். பால்காரர் கட்டில் சட்டத்தைக் கழற்றினார். நான் தகர டப்பாவால் உள்ளே வருகிற தண்ணீரை இறைத்தேன். ஆனாலும் படகு முகத்தைத் திருப்ப மாட்டேன் என்றது. அகலமான துடுப்பு ஒன்று முன்னால் வேண்டும்.

எல்லோர் கண்ணும் ஒரே இடத்துக்குப் போனது. அந்தப் பலகை.

"அது கவர்மெண்டு போர்டுங்க" என்றார் பச்சியப்பன். சொல்லிக்கொண்டே திருகாணியைக் கழற்றினார்.

கழற்றிய பலகையை யாரிடம் கொடுப்பது என்று அவர் யோசிக்கவில்லை. இஞ்ஞாசியே வாங்கிக்கொண்டார். பயந்த மனிதனுக்கு வருகிற பலம் வேறு யாருக்கும் வராது. சரிகைத் துண்டை இடுப்பில் இறுக்கி, முகப்பில் மண்டிபோட்டு, 'கரையில் இன்ஜினை நிறுத்தி வைக்கவும்' என்பதைத் தண்ணீருக்குள் விட்டு விட்டு இழுத்தார். ஒவ்வொரு இழுப்புக்கும் ஓர் அருள் நிறைந்த மரியே. நல்லம்மாவுக்கு அந்த மந்திரம் தெரியாது. ஆனாலும் தாளம் பிடித்துக்கொண்டாள். படகு திரும்பியது.

கோயிலில் முதல் மணி அடித்தது தண்ணீர் மேலேயே கேட்டது. இரண்டாம் மணியின்போது கரையில் நிற்பவர்களின் முகம் தெரிந்தது. மதலேனம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு முன்னால் நின்றாள். அவளுக்குப் பின்னால் சூசை, கோட்டுப் போட்டுக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் இறங்கிவிட்டிருந்தான்.

அவள் பார்த்தது என்ன? இன்ஜின் சத்தமில்லாமல் ஒரு படகு வருகிறது. முகப்பில் தன் கூடப்பிறந்த அண்ணன், தலை முதல் கால் வரை நனைந்து, அரசாங்கப் பலகையால் துடுப்புப் போட்டுக்கொண்டு வருகிறார். அவருக்குப் பின்னால் மணப்பெண் தாம்பாளத்தோடு.

"ஏண்ணா, நீயா?" என்றாள்.

இஞ்ஞாசி கரையில் கால் வைத்தார். மூச்சு வாங்கிற்று. உயிர் திரும்பி வந்த சந்தோஷத்தில், யோசிக்காமல் சொல்லிவிட்டார்: "நான் இல்லன்னா உம்மருமவ வந்து சேந்திருக்க மாட்டா, பாத்துக்க."

மருமகள் என்று அவர் வாயாலேயே வந்துவிட்டது. கரை முழுவதும் கேட்டது. மதலேனம்மாள் குனிந்து அமலியின் சேலையைப் பிழிந்துவிட்டாள். "ஈரத்தோட பூசைக்கு நிக்காத, சளி பிடிக்கும்" என்றாள்.

மூன்றாம் மணிக்கு நாங்கள் கோயிலுக்குள் இருந்தோம். தாமதத்தைப் பற்றிச் சாமியார் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நிறுத்தச் சொன்னது அவரும்தானே.

பிற்பாடு

பலகை நடுவில் பிளந்துவிட்டது. அரசாங்கச் சொத்தைச் சேதப்படுத்தியதற்கு விளக்கம் கேட்டு ஆபீசிலிருந்து பச்சியப்பனைக் கூப்பிட்டார்கள். அவர் போய், பலகையில் இருக்கிறபடி இன்ஜினை நிறுத்தினேன், அதனால் வந்ததுதான் இது என்று சொல்லிவிட்டு வந்தார். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. அதே வாசகத்தோடு புதுப் பலகை ஒன்று வந்தது. இந்த முறை தகரம்.

ஈஸ்டர் முடிந்த பிறகு சாமியார், படகு மெதுவாக ஒரு வட்டம் போடுவதில் குற்றமில்லை, மனசு நின்றால் போதும் என்றார். இஞ்ஞாசியின் பெண்ணை அந்த வைகாசியிலேயே தருமபுரியில் கொடுத்தார்கள். ரயில் போகிற ஊர். நல்ல இடம்.

இஞ்ஞாசி சாகிறவரை எந்தக் கல்யாண வீட்டில் என்னைக் கண்டாலும், நாலு பேர் நடுவில் கூப்பிட்டு, "நான் இல்லன்னா அன்னிக்கு அந்தக் கல்யாணமே இல்ல, கேளுங்க இந்த அம்மாவை" என்பார். ஆமாங்கண்ணா என்பேன். பொய் இல்லையே. அவர் இல்லாவிட்டால் படகு நின்றிருக்காது. அவர் இல்லாவிட்டால் போயும் சேர்ந்திருக்காது.

அந்த இன்ஜின் அதற்குப் பிறகும் பல வருடம் ஓடியது. புதுப் படகு வருகிறது, வருகிறது என்று ஒவ்வொரு ஓட்டுக்கும் வந்துகொண்டிருந்தது. ஒரு ஓட்டுக்கு நிஜமாகவே வந்துவிட்டது. சாவியைத் திருப்பினால் நிற்கிறது, திருப்பினால் கிளம்புகிறது. அதற்கும் இப்போது அடியில் தகரம் ஒட்டியாயிற்று. உயிர்காப்புச் சட்டைப் பெட்டிக்குப் பூட்டு மட்டும் பழையதே.

இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் ஜெனி, அமலியின் பெண். பிரசவத்துக்கு ஆத்தா வீட்டுக்கு அனுப்ப மதலேனம்மாள் கேட்ட படகில் வந்து, என் வீட்டில் பிறந்தவள்.

ஜெனி, எழுதினது போதும், புள்ள. மொதல்ல இருந்து ஒருக்கா படி, கேப்போம். எங்கம்மா இருக்குற எடம் வந்தா அங்க கொஞ்சம் நிறுத்திட்டுப் படி. பயப்படாத. நீ என்ன அந்த இன்ஜினா, நிறுத்தினா கிளம்பாம போக?